மாயாவிக்கு என்ன விலை?

அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டு 10 சதத்துக்கு விற்கப்பட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் பிரதியொன்று 2024 ஏப்ரலில் 60 இலட்சம் டொலருக்கு ஏலம்போனது. சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய இதழ் அது. இத்தகைய செய்திகளை உலகச் செய்திப் பக்கத்தின் அடியில், இடம் நிரப்புவதற்கென்றே, பெட்டி கட்டிப் போடுவது எங்கள் தொழிலின் நெடுநாள் வழக்கம். நானும் பல போட்டிருக்கிறேன். இடம் நிரப்பப் போட்ட செய்தி எவர் மனத்தில் எந்த இடத்தை நிரப்பும் என்பது செய்தியாசிரியனுக்குத் தெரிவதில்லை. அந்த ஏலச் செய்தி வெளிவந்த பின்னர் மட்டக்களப்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பலர் எனக்கு அழைப்பெடுத்தார்கள். எல்லாருடைய கேள்வியும் ஒன்றுதான்: “வீட்டில் ட்ரங்குப் பெட்டிக்குள் பழைய முத்து காமிக்ஸ் கொஞ்சம் கிடக்கிறது. என்ன விலைக்குப் போகும்?”

விலை கேட்பது குற்றமல்ல. ஆனால் அந்தக் கேள்வி இப்போது மற்றெல்லாக் கேள்விகளையும் விழுங்கிவிட்டது என்பதே என் மனக்குறை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய சித்திரக்கதைகளைத் தேடிச் சேர்த்து வருகிறவன் என்ற முறையில் இந்தப் பழக்கத்துக்கு எதிராக எழுத எனக்கு மனமும் இல்லை, தகுதியும் இல்லை. இதில் இறங்குகிறவர் எங்கெங்கே வழுக்கி விழுகிறார், அவர் விழும்போது அவரோடு சேர்ந்து எது உடைகிறது என்பதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இந்தப் புத்தகங்கள் எங்கள் வாவிக்கரைக்கு வந்த கதை. இரும்புக்கை மாயாவியையே எடுத்துக்கொள்வோம். அவர் 1962இல் இலண்டனில் ‘வேலியண்ட்’ என்ற சிறுவர் வார இதழில் பிறந்தவர். கதையைத் தொடங்கி எழுதியவர் கென் பல்மர் என்ற ஆங்கிலேயர். வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர், பார்சலோனாக்காரர். ஆய்வுகூட உதவியாளரான லூயிஸ் கிராண்டேல் ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் அவருடைய உடல் முழுவதும் மறைந்துபோகும். அந்த இரும்புக்கை மட்டும் வெளியில் தெரியும். சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழாக 1972இல் இவர் தமிழ் பேச ஆரம்பித்தார். முல்லை தங்கராசன் அப்போது ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். குழந்தைகளுக்கு எழுதத் தெரிந்த ஒருவர் கையில் அந்தத் தமிழ் இருந்தது என்பதைப் பழைய இதழ்களைப் படிக்கிறவர்கள் இன்றும் உணரலாம்.

ஸ்பானியர் ஒருவர் வரைந்து, இலண்டனில் அச்சாகி, சிவகாசியில் தமிழான மனிதர் மட்டக்களப்புக்கு வருவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 1970இல் பதவிக்கு வந்த அரசாங்கம் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தது. ஈழத்து எழுத்துக்கும் பதிப்புக்கும் அந்தக் கட்டுப்பாடு ஊட்டமாக அமைந்தது என்று எங்கள் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் எழுதுவார்கள். அது உண்மை. வீரகேசரி பிரசுரங்கள் எழுபதுகளில் அடுத்தடுத்து நாவல்களை வெளியிட்டது அந்தச் சூழலில்தான். ஆனால் பெரியவர்களுக்கு நாவல் கிடைத்த அளவுக்குச் சிறுவர்களுக்குச் சித்திரக்கதை கிடைக்கவில்லை. கப்பலில் போய் வந்தவர்களின் பெட்டிகளில் ஒன்றிரண்டு பிரதிகள் வந்தன. அவை கைமாறிக் கைமாறி அட்டை கழன்று, பிறகு நடுத்தாள் கழன்று, கடைசியில் கதையின் முடிவை வாய்வழியாகக் கேட்டறிய வேண்டிய நிலைக்கு வந்துவிடும். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னரே கடைகளில் கட்டுக்கட்டாகத் தொங்கின. அட்டையில் அச்சிட்ட இந்திய விலையின் மேல் மை பூசி, பக்கத்தில் ஊதா மையில் இலங்கை விலையைச் சீல் குத்தியிருப்பார்கள். அந்த ஊதாச் சீலைப் பற்றிப் பின்னால் பேசவேண்டியிருக்கிறது.

ஓர் இடைச்செருகல். மாயாவியைப் படித்துவிட்டு மின்சாரக் குதைக்குள் விரல் வைக்கப் போன சிறுவர்களைப் பற்றித் தமிழ்நாட்டு நண்பர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அந்தக் காலத்தில் மின்சாரம் எட்டாத கிராமங்களே அதிகம். குப்பிவிளக்கு வெளிச்சத்தில் மாயாவியைப் படித்த எங்கள் பிள்ளைகளுக்கு மறைந்துபோவதற்கு வழியே இருக்கவில்லை. பிற்காலத்தில் அவர்களுள் பலர் வேறு விதமாக மறைந்துபோனார்கள். அது இந்தக் கட்டுரையின் பொருளல்ல.

1984 ஜூலை மாதம் தமிழ்ச் சித்திரக்கதைக்கு ஒரு விசேடமான மாதம். சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸை ‘கத்தி முனையில் மாடஸ்டி’யோடு தொடங்கியதும், தினத்தந்தி குழுமம் ராணி காமிக்ஸை ஜேம்ஸ் பொண்டின் ‘அழகியைத் தேடி’யோடு தொடங்கியதும் அதே மாதத்தில்தான். ராணி காமிக்ஸ் 500 இதழ்களோடு 2005இல் நின்றுபோனது. லயனும் முத்துவும் இடையில் தளர்ந்து, 2012இல் புத்துயிர் பெற்று, இன்றும் வருகின்றன. தமிழ்நாட்டில் சேகரிப்பாளர்கள் தேடுவது பெரும்பாலும் இந்த மூன்று வரிசைகளையும், தமிழில் வந்த இந்திரஜால் காமிக்ஸையுமே. அங்கே இவை அரியவை. எங்கள் பகுதியில் இவை அரியவற்றுள் அரியவை. காரணம், தமிழ்நாட்டில் புத்தகத்தை அழிப்பதற்குப் பழைய பேப்பர் கடைக்காரர் ஒருவரே போதுமானவராக இருந்தார். எங்களுக்கு வேறு பலர் உதவிசெய்தார்கள்.

பழைய பேப்பர்க்காரரின் பங்கை நாங்களும் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. மட்டக்களப்பில் கச்சான் வாங்கியவர்கள் அறிவார்கள், சரை எந்தத் தாளில் சுற்றப்பட்டது என்று. கச்சானைத் தின்று முடித்துவிட்டுச் சரையைப் பிரித்தால் லாரன்ஸ் டேவிட்டின் அரைப் பக்கம் இருக்கும். மீதிக் கதை வேறு யாருடைய கச்சானைச் சுற்றிக்கொண்டு போனதோ. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பில் கூரையுள்ள வீடுகளைக் கூரையில்லாத வீடுகளாக்கியது. கூரை போன வீட்டில் நெல்லையும் துணியையும் காயவைத்தார்கள். புத்தகத்தைக் காயவைக்க யாருக்கு நேரம்? 1990 ஜூனில் மீண்டும் போர் வெடித்தபோது ஊர் ஊராக மக்கள் எழும்பி ஓடினார்கள். ஓடுகிறவர் கையில் எடுப்பது அடையாள அட்டை, நகை, காணி உறுதி, பிள்ளை. திரும்பி வந்தபோது சிலருக்கு வீடே இருக்கவில்லை. பிறகு 2004 டிசம்பர் 26. நாவலடியிலும் கல்லடிக் கரையிலும் டச்பார்ப் பக்கத்திலும் கடல் செய்ததை இங்கே திருப்பி எழுத வேண்டியதில்லை. உப்புநீரில் ஊறிக் காய்ந்த புத்தகம் ஒரு செங்கல்லைப் போல இறுகிவிடும் என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன். பக்கங்களைப் பிரிக்க முயன்றால் மையும் தாளும் சேர்ந்து உரிந்து வரும்.

ஆகவே இந்தப் பகுதியில் எழுபதுகளின் முத்து காமிக்ஸ் பிரதி ஒன்று தப்பியிருந்தால், அது தப்பியதே ஒரு கதை. அந்தப் பிரதியின் மதிப்பு அந்தக் கதையோடு சேர்ந்தது. இதை மறந்துவிட்டு விலைப்பட்டியலைப் பார்க்கத் தொடங்கும் இடத்தில்தான் சேகரிப்பாளரின் முதல் வழுக்கல் நிகழ்கிறது.

இனிச் சந்தைக்கு வருகிறேன். பழைய சித்திரக்கதைச் சந்தையில் ஏமாற்றுவது வங்கியில் ஏமாற்றுவதை விட எளிது. ஏமாறுகிறவர் ஏற்கெனவே பாதி மயக்கத்தில் இருப்பதே அதற்குக் காரணம். எட்டு வயதில் தொலைத்த ஒன்றை ஐம்பது வயதில் கையில் எடுக்கிறவருக்குக் கண் கலங்கியிருக்கும். கலங்கிய கண்ணால் அச்சுப்புள்ளிகளைப் பார்க்க முடியாது.

மிகச் சாதாரணமான ஏமாற்று, மறுபதிப்பை மூலப்பதிப்பு என்று விற்பது. மாயாவி கதைகளும் ஸ்பைடர் கதைகளும் பலமுறை மறுபதிப்புக் கண்டவை. சிவகாசிக்காரர்களே ‘காமிக்ஸ் கிளாசிக்ஸ்’ என்று தனியாக ஒரு மறுபதிப்பு வரிசை நடத்தினார்கள். பதிப்பாளர் எதையும் ஒளிக்கவில்லை. ஒளிப்பவர் இடையில் நிற்கும் விற்பனையாளர். ஆண்டு குறித்த உள்ளட்டையைக் கிழித்துவிட்டால் போதும், “அட்டை கொஞ்சம் பழுது, ஆனால் முதல் பதிப்பு” என்று சொல்லிவிடலாம். அடுத்தது, அட்டை போன பழைய பிரதிக்கு வண்ண நகல் இயந்திரத்தில் எடுத்த புதிய அட்டையைப் பொருத்துவது. இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. ஓஃப்செட் அச்சில் மை தாளுக்குள் இறங்கியிருக்கும்; உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒழுங்கான புள்ளிகள் தெரியும். நகல் இயந்திரத்தின் பொடி தாளின் மேலே படிந்து மினுங்கும். மடிப்பில் வெடித்து உதிரும். ஊதாக்கதிர் டோர்ச் ஒன்று இப்போது மலிவாகக் கிடைக்கிறது. இன்றைய வெண்மையூட்டிய தாள் அதன் ஒளியில் நீலமாகச் சுடர்விடும்; பழைய செய்தித்தாள் வகைத் தாள் மங்கலாகவே இருக்கும். கம்பித் தையலையும் பாருங்கள். நாற்பது வருடக் கம்பி துருப்பிடித்து, அந்தத் துரு பக்கத்துத் தாளிலும் கறையாக இறங்கியிருக்க வேண்டும். பழைய துருக்கறையின் நடுவே வெள்ளி போல மின்னும் கம்பி இருந்தால், புத்தகம் பிரிக்கப்பட்டு எதுவோ மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள்.

பக்கங்களை எண்ணாமல் காசு கொடுக்காதீர்கள். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் எண்ணுகிறவர் பத்தில் இருவர்தான். நடுத்தாள் நான்கு பக்கங்கள் இல்லாத பிரதி வெளித்தோற்றத்துக்கு முழுப் பிரதி போலவே இருக்கும்.

இவையெல்லாம் நம்மவரின் சிறு கைவேலைகள். அமெரிக்காவில் இதற்கென்றே சி.ஜி.சி. என்ற நிறுவனம் 2000ஆம் ஆண்டு தொடங்கியது. புத்தகத்தை வாங்கிப் பரிசோதித்து, பத்துக்கு இத்தனை புள்ளி என்று தரமிட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்துத் தருவார்கள். தரமிட்ட கூடு இருந்தால் ஏமாற்றமே இல்லை என்று உலகம் நம்பியது. 2023ஆம் ஆண்டின் இறுதியில் அந்தக் கூடுகளையே சாதுரியமாகத் திறந்து, உள்ளே குறைந்த தரப் பிரதியை வைத்து, மீண்டும் மூடி விற்ற மோசடி அம்பலமானது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. படிக்க முடியாதபடி அடைக்கப்பட்ட புத்தகத்துக்குள் எந்தப் புத்தகம் இருந்தால்தான் என்ன?

விலை ஏறும் என்று வாங்குகிறவர்களுக்கும் அமெரிக்காவே பாடம் வைத்திருக்கிறது. சூப்பர்மேன் முதல் இதழ் அரிதானதற்குக் காரணம் அதை யாரும் பேணவில்லை என்பதே. இரண்டாம் உலகப் போரில் பழைய தாள் திரட்டியபோது எண்ணற்ற சித்திரக்கதைகள் கூழாகிப் போயின. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எல்லாரும் புத்திசாலிகளாகி, புதிய இதழ்களை ஐந்து பத்து என்று வாங்கிப் பொத்திப் பொத்தி வைத்தார்கள். 1991இல் வந்த ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் 80 இலட்சம் பிரதிகள் அளவில் போனது. எல்லாரிடமும் இருக்கும் பொருளை யார் வாங்குவார்? அந்தக் குமிழி உடைந்து, 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. தமிழிலும் இப்போது ஒன்று படிப்பதற்கு, ஒன்று இருப்புக்கு என்று இரண்டு பிரதி வாங்குகிறவர்களைக் காண்கிறேன். 2010இல் லயன் வெளியிட்ட ‘இரத்தப் படலம்’ தொகுப்பு, 800 பக்கங்களுக்கு மேல், விலை 200 இந்திய ரூபா. அது தீர்ந்துபோன பிறகு கைமாற்று விலை ஆயிரக்கணக்கில் ஏறியது. 2018இல் அதே கதை வண்ணத்தில் மீண்டும் வந்தது. கதையைப் படிக்க ஆசைப்பட்டவருக்கு மகிழ்ச்சி. இருப்பு வைத்தவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

சந்தையில் தப்பினாலும் வீட்டில் தப்ப முடியாது. மட்டக்களப்பில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் நாம். ஆண்டில் பெரும்பகுதி காற்றில் ஈரமும் உப்பும் கலந்தே இருக்கும். சித்திரக்கதைகள் அச்சான மலிவுத் தாள் மரத்தை அரைத்துச் செய்த கூழ். அதிலுள்ள லிக்னின் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் பழுப்பாகி, தாளுக்குள்ளேயே அமிலம் சுரந்து, நாளடைவில் அப்பளம் போல முறியவைக்கும். இந்த இயல்பான சாவைத் தடுக்க முடியாது, தள்ளிப்போடலாம். அன்பு மிகுந்த சேகரிப்பாளர்கள் பலர் இதை விரைவுபடுத்துகிறார்கள். முதலாவது, லெமினேட் செய்வது. சூடாக்கி ஒட்டிய பிளாஸ்டிக்கை எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது. உள்ளே அமிலம் தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். செலோடேப் அதை விடக் கொடியது. பத்து வருடத்தில் பிளாஸ்டிக் கழன்று விழும்; பசை மட்டும் மஞ்சள் கறையாகத் தாளில் நின்றுவிடும். பழைய புத்தகங்களைச் சேர்த்துக் கட்டும்போது பைண்டர் அழகுக்காக மூன்று பக்கமும் வெட்டித்தள்ளுவார். ஓரத்து வசனங்களின் கடைசி எழுத்துகள் போய்விடும். ஈரமான நாளில் பொலித்தீன் பைக்குள் போட்டு வாயை இறுக்கிக் கட்டுவது பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்குச் சமம். பி.வி.சி. உறைகள் மலிவு, மணம் வீசும். அந்த மணமே தாளைத் தின்னும் வாயு. பொலிபுரொப்பிலீன் அல்லது பொலியெஸ்டர் உறை வாங்குங்கள், வாயைச் சற்றுத் திறந்து வையுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள், அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். நிலத்தில் வைக்காதீர்கள், கறையானுக்கும் வெள்ளத்துக்கும் நிலத்தில் இருப்பதே முதற்பந்தி. 2011 ஜனவரி வெள்ளத்தில் இதைக் கற்றுக்கொண்டவர்கள் எங்கள் பகுதியில் அனேகர்.

இதுவரை சொன்னவை பணத்துக்கும் தாளுக்கும் நேரும் சேதங்கள். மனத்துக்கு நேரும் சேதம் ஒன்று இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரி என்னிடம் ஒரு கட்டு ராணி காமிக்ஸ் கொண்டுவந்தார். அட்டைக்குப் பின்னால் ஒரு பாடசாலை நூலகத்தின் முத்திரை இருந்தது. முத்திரையை இரசாயனம் போட்டு அழிக்க முயன்று பாதியில் விட்டிருந்தார்கள். “இதெல்லாம் கழிச்சு எறிஞ்சது மாஸ்டர்” என்றார். (பத்திரிகைக்காரனையும் எங்கள் ஊரில் மாஸ்டர் என்றுதான் அழைப்பார்கள்.) கழித்து எறிந்ததானால் கழித்ததற்கான குறிப்பு இருக்குமே, முத்திரையை ஏன் அழிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் கட்டை மீண்டும் கட்டிக்கொண்டு போய்விட்டார். வேறு யாரோ வாங்கியிருப்பார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதைச் சொல்லிச் சொல்லி அழுகிற சமூகம் நாங்கள். நெருப்பு ஒரே இரவில் செய்ததை ஒவ்வொரு புத்தகமாகச் செய்கிற கைக்கு நாங்கள் பெயர் எதுவும் வைக்கவில்லை.

இப்போது அந்த ஊதாச் சீல். வெளிநாட்டிலுள்ள சேகரிப்பாளர்கள் ‘மின்ட்’ என்ற சொல்லை அடிக்கடி பயன்படுத்துகிறார்கள். அச்சகத்திலிருந்து வந்தது வந்தபடி, கைபடாத நிலை. பெயர் எழுதியிருந்தால் விலை குறையும். கடைச் சீல் இருந்தால் குறையும். புதிர்ப் பக்கத்தில் பிள்ளை பென்சிலால் விடை எழுதியிருந்தால் குறையவே குறையும். இந்த அளவுகோல் நியூயோர்க்கில் பொருந்தலாம். எங்கள் ஊருக்கு இதைக் கொண்டுவருவது, முகத்திலுள்ள தழும்பைக் காரணம் காட்டி உறவினரை ஏற்க மறுப்பது போன்றது. சிவகாசியில் அச்சான ஆயிரக்கணக்கான பிரதிகளுள் ஒன்று மட்டக்களப்புக்கு வந்தது என்பதற்கு அந்த ஊதாச் சீலைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அந்தக் கடை இன்று இல்லை. கடை இருந்த தெருவின் முகமும் மாறிவிட்டது. எந்தக் கடை, எந்த விலை, எந்த ஆண்டு என்று இறக்குமதியின் வரலாற்றை எழுத முனைகிற ஒருவருக்கு அந்தச் சீல்தான் ஆவணம். ஒரே அட்டையில் மூன்று கையெழுத்துகளில் மூன்று பெயர்களும் வகுப்பும் எழுதியிருந்தால், அது வாவியின் இரு கரைகளுக்கும் இடையே ஒரு புத்தகம் தோணியில் பயணம் செய்த தடம். குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குப் போய்வந்த பிரதியொன்று என்னிடம் உண்டு. இரண்டு ஊரின் பெயரும் அதில் இருக்கிறது. விலை கேட்டு வந்த வெளிநாட்டு நண்பர் அதைப் பார்த்துவிட்டு, “அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் போய்விடும்” என்று ஆலோசனை சொன்னார்.

சேகரிப்பு என்றால் என்ன என்பதற்குத் தமிழில் எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். சினிமாப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கலியாணக் கடிதம் என்று பிறர் குப்பை என்று தள்ளியவற்றையெல்லாம் நூல்களோடு சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிக்காகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஆனால் அதைக் கடல் கடத்தாமல் சென்னையிலேயே 1994இல் ஆராய்ச்சி நூலகமாக்கினார்கள். அவர் கைபடாத பிரதிகளை மட்டும் தேடியிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

என்னுடைய பெரிய முறைப்பாடு இனித்தான் வருகிறது. நாம் எல்லாரும் மாயாவிக்கும் மாடஸ்டிக்கும் டெக்ஸ் வில்லருக்கும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறோம். இவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது. இலண்டனில் மூலப் பிரதிகள் இருக்கின்றன, மிலானில் இருக்கின்றன. சிவகாசியில் மறுபதிப்பு வருகிறது. அழிந்துகொண்டிருப்பது இலங்கையில் தமிழர் வரைந்த சித்திரங்கள். சிங்களத்தில் 1951இல் ஜீ. எஸ். பெர்னாண்டோ ‘நீலா’வை லங்காதீபவில் வரைந்தார் என்று அவர்களுடைய சித்திரக்கதை வரலாறு தெளிவாகத் தொடங்குகிறது. எழுபதுகளில் சித்திரக்கதைக்கென்றே சிங்களத்தில் வாரப் பத்திரிகைகள் வந்தன. தமிழில் எங்கே தொடங்குவது? சிரித்திரன் சுந்தர் என்ற சி. சிவஞானசுந்தரத்தை எல்லாரும் அறிவார்கள். தினகரனில் அவருடைய சவாரித்தம்பர், சிரித்திரனில் மைனர் மச்சான், மிஸிஸ் டாமோடிரன். 1996இல் அவர் மறைந்தார். அவரைத் தாண்டி எத்தனை பெயர் நம்மால் சொல்ல முடியும்? ஞாயிறு ஏடுகளின் சிறுவர் பக்கங்களில், வார வெளியீடுகளின் மூலைகளில் எத்தனையோ கைகள் வரைந்தன. தினபதியும் சிந்தாமணியும் மட்டக்களப்பின் மைந்தர் எஸ். டி. சிவநாயகத்தின் ஆசிரியத்துவத்தில் வந்தவை. அவற்றை வெளியிட்ட நிறுவனத்தை 1974இல் அரசாங்கம் சீல்வைத்தது, 1977இல் திறந்தது, பின்னர் அந்த ஏடுகளே இல்லாமற் போயின. பத்திரிகை அலுவலகங்களின் பழைய கோப்புகள் என்ன நிலையில் இருக்கும் என்பதை அவற்றுக்குள் தூசி குடித்து வாழ்ந்தவன் என்ற முறையில் நான் அறிவேன். சந்தையில் இவற்றுக்கு விலை கிடையாது. விலை இல்லாதபடியால் எவரும் தேடவில்லை. தேடாதபடியால் எவரும் பேணவில்லை. விலையை மட்டும் பார்க்கும் சேகரிப்பாளர் தம் சொந்த வீட்டுக் குழந்தையைத் தெருவில் விட்டுவிட்டு அயல்வீட்டுக் குழந்தைக்குச் சட்டை தைக்கிறார்.

2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம ஆவணகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் வருடியெடுத்து எல்லாரும் படிக்க வைத்திருக்கிறது. சிரித்திரன் இதழ்கள் பலவற்றை அங்கே படிக்கலாம். இந்தியச் சித்திரக்கதைகளை வருடி இணையத்தில் பரப்புவது வேறு விடயம். அவற்றின் உரிமை உயிரோடிருக்கிறது, பதிப்பாளரும் உயிரோடிருக்கிறார், அவர் வயிற்றில் அடித்துவிட்டு நாம் இரசிகர்கள் என்று சொல்லிக்கொள்ள முடியாது. உரிமையாளர் எவரென்றே தெரியாத, பிரதி ஒன்றே மிஞ்சிய உள்ளூர்ச் சித்திரத் தொடர்களை ஆவணகம் ஒன்றில் பாதுகாத்து வைப்பதை அதனோடு சேர்த்துப் பேசக்கூடாது. இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொள்ளாமல் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, ஒன்றில் எல்லாவற்றையும் திருடுகிறோம், அல்லது எதையும் தொடமாட்டோம் என்கிறோம்.

எழுவான்கரைக் கிராமமொன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஞாயிறு ஏடுகளில் வந்த சித்திரத் தொடர்களை வாராவாரம் வெட்டி, கணக்குக் கொப்பிகளில் ஒட்டி வைத்திருந்தார். நாலு கொப்பிகள். சூறாவளியில் நனையாமல் அவற்றை நெல்லுப் பெட்டகத்துக்குள் வைத்துக் காப்பாற்றியதாகச் சொன்னார். எந்தத் துண்டிலும் பத்திரிகையின் பெயர் இல்லை; ஆனால் ஒவ்வொன்றின் கீழும் திகதியைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார். கோதுமை மாப் பசையால் ஒட்டியது. ஆகவே பூச்சிக்கு விருந்து. மூன்று கொப்பிகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தோம். நாலாவது கொப்பியைத் திறக்க முடியவில்லை. தொட்டால் உதிர்கிறது. அதை ஒரு துணியில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, பெட்டியை அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டு வந்தோம். சில மாதங்களின் பின் அவருடைய பேரன் வெளிநாட்டிலிருந்து அழைத்து, அம்மம்மாவிடம் பழைய காமிக்ஸ் இருக்கிறதாமே, என்ன விலைக்குப் போகும் என்று கேட்டார். கொப்பியில் ஒட்டியது என்று சொன்னேன். “ஒட்டினதா? அப்ப ஒண்டுக்கும் ஆகாது” என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார். திகதிகளை வைத்துக்கொண்டு கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போய் எந்தெந்தப் பத்திரிகை என்று பார்க்க வேண்டும். முதற் கொப்பியின் முதல் திகதி 1966 மார்ச் 6.